ஓட்டில் இல்லாத நிறம்: பூநாரை நாக்கு நத்தை – ஒரு நிகழ்வு ஆய்வு

கரீபியன் கடலின் பவளத்திட்டுகளில் முக்குளிக்கிறவர்களுக்கு ரொம்பப் பழக்கமான காட்சி இது. ஊதா நிறக் கடல் விசிறி ஒன்று அலை வரும்போதெல்லாம் முன்னும் பின்னும் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதன் வலைப்பின்னல் மேல் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு நத்தை ஒட்டியிருக்கும். உடம்பெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக வளையங்கள், ஒவ்வொரு வளையத்துக்கும் மையால் கரை கட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. பார்த்ததும் கை தானாக நீளும். இப்படி எத்தனையோ பேர் அதைப் பறித்துப் பையில் போட்டிருக்கிறார்கள். படகில் ஏறிப் பையைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளிறிய, வழவழப்பான, புள்ளி ஒன்றுகூட இல்லாத ஒரு ஓடு.

நிறம் எங்கே போனது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதோடு முடியாது. இந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் முக்குளித்தவர்கள் மட்டும் இல்லை. நத்தைகளை வகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களும் நெடுங்காலம் இதே இடத்தில்தான் இடறினார்கள்.

ஆள் யார்

அறிவியல் பெயர் சைஃபோமா கிப்போசம். ஆங்கிலத்தில் இதை ஃபிளமிங்கோவின் நாக்கு என்கிறார்கள், ஃபிளமிங்கோ என்பது நம் பூநாரை என்பதால் நான் பூநாரை நாக்கு என்றே எழுதுகிறேன். சோழிகளுக்கு நெருங்கிய உறவான ஓவுலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை செ.மீ. நீளம். அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து ஃபுளோரிடா, பெர்முடா, மெக்சிகோ வளைகுடா, கரீபியன் தீவுகள் வழியாகப் பிரேசில் வரை, அதாவது அட்லாண்டிக்கின் மேற்குப் பக்கம் முழுக்க, ஆழம் குறைந்த திட்டுகளில் வாழ்கிறது.

பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் இதற்குப் பெயர் வைத்தபோது கிப்போசா என்றார், லத்தீனில் கூன் உடையது என்று பொருள். பின்னால் வந்த சைஃபோமா என்ற பேரினப் பெயரும் கூன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஓட்டின் நடுவில் குறுக்காக ஒரு மேடு இருக்கிறது, அதைத்தான் இரண்டு பெயர்களும் குறிக்கின்றன. ஆக, பெயரில் கூன் மேல் கூன் இருக்கிறது, நிறத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஐரோப்பாவின் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஓடு மட்டும்தானே, அதில் கூனைத் தவிரச் சொல்வதற்கு வேறு என்ன இருந்திருக்கும்?

நிறம் இருக்கும் இடம்

நத்தை, சங்கு, சிப்பி எல்லாவற்றுக்கும் ஓட்டைச் சுரந்து உருவாக்கும் ஒரு சதைப் போர்வை உண்டு, மேன்டில் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். பெரும்பாலான நத்தைகளில் அது ஓட்டுக்கு உள்ளேயே இருக்கும். சோழிகளிலும் அவற்றின் உறவுகளிலும் கதை வேறு. மேன்டிலின் இரண்டு ஓரங்களும் மடல் மாதிரி வெளியே நீண்டு, இடமிருந்து ஒன்றும் வலமிருந்து ஒன்றுமாக ஓட்டின் மேல் ஏறி, முதுகில் வந்து சந்திக்கும். உயிரோடு, அச்சமில்லாமல் இருக்கும் நத்தையில் ஓடு கண்ணிலேயே படாது, நாம் ஓடு என்று நினைத்துப் பார்ப்பது இந்தப் போர்வையைத்தான்.

பூநாரை நாக்கின் வளையங்கள், கறுப்புக் கரைகள் எல்லாம் இந்த மெல்லிய தோலில் இருக்கிற நிறமிகள். கீழே உள்ள ஓடு வெள்ளை, அல்லது பாலாடை நிறம், சிலவற்றில் லேசாக ஆரஞ்சு சாயல், அவ்வளவுதான். ஓடு இவ்வளவு பளபளப்பாக இருப்பதற்கும் இதே போர்வைதான் காரணம். எப்போதும் மூடியே இருப்பதால் பாசியோ கொட்டலசோ ஓட்டில் வந்து ஒட்ட முடியாது, போர்வை மேலிருந்தும் சுண்ணத்தை மெருகு போலப் பூசிக்கொண்டே இருக்கிறது.

விரலால் லேசாகத் தொட்டால் மடல்கள் இரண்டும் சுருங்கிப் பக்கவாட்டில் இறங்கி உள்ளே போய்விடும், அந்த நொடியிலேயே நத்தை வெளிறிப்போகும். செத்துவிட்டால் சதை அழுகும், சதையோடு நிறமியும் அழியும். சாராயத்தில் போட்டு வைத்தாலும் நாளாவட்டத்தில் நிறம் மங்கிவிடுகிறது. உயிர் இருக்கிற வரைக்கும்தான் இந்த நிறம். இதைத் தெரியாமல் பறித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நிறமுள்ள சோழிகளைக் கையில் எடுத்துப் பழகியவர் யாராக இருந்தாலும் நிறம் ஓட்டில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தெரிந்த பிறகும் பறிப்பது வேறு விஷயம்.

நஞ்சு நிறைந்த சாப்பாடு

எனக்கு இந்த நத்தையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கடல் விசிறி, கடல் சாட்டை என்று சொல்கிறோமே, அவை எல்லாம் கார்கோனியன் என்ற மென்பவளக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்குகள். நடுவில் வளையக்கூடிய ஒரு தண்டு, அதைச் சுற்றி உயிருள்ள தோல், அந்தத் தோலில் எட்டு எட்டுக் கைகளோடு பாலிப்புகள் என்ற ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள். ஓடிப்போக முடியாத உயிர் என்பதால் இவை வேறு வழிகளில் தங்களைக் காத்துக்கொள்கின்றன. தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ண முட்களைப் புதைத்து வைத்திருக்கின்றன. அதோடு வாயில் வைக்க முடியாத அளவுக்கு வேதிப்பொருட்களைத் தயாரித்து நிரப்பி வைத்திருக்கின்றன. அதனால்தான் திட்டில் மேயும் மீன்களில் பெரும்பாலானவை இவற்றின் பக்கம் போவதில்லை.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். பிளெக்சாரா ஹோமோமல்லா என்று கருநிறத்தில் கிளைகிளையாக வளரும் ஒரு கார்கோனியன் இருக்கிறது. 1969-இல் வைன்ஹைமர், ஸ்பிராகின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது இதன் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின்கள் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். நம் உடம்பில் வலி, காய்ச்சல், கருப்பைச் சுருக்கம் போன்றவற்றில் பங்கு வகிக்கும் அதே வகைப் பொருள். நம் உடம்பில் மிக நுண்ணிய அளவில் இருப்பது, இந்தப் பவளத்தின் உலர்ந்த தோலில் எடைக்கு நூற்றில் இரண்டு மூன்று பங்கு இருந்தது. மருந்து ஆராய்ச்சிக்காகக் கொஞ்ச காலம் கடலிலிருந்து இதை அறுவடையே செய்தார்கள். பவளத்துக்கு இது எதற்கு என்ற கேள்விக்குப் பதில் பின்னால் வந்தது: இதைத் தின்ற மீன் வாந்தி எடுக்கும், அடுத்த முறை கிட்டே வராது.

பூநாரை நாக்கு இதையும் தின்னும். விசிறியையும் தின்னும், சாட்டையையும் தின்னும். கார்கோனியனைத் தவிர வேறு எதையும் தொடாது, ஆனால் கார்கோனியன்களுக்குள் பல இனங்களை ஒரு கை பார்க்கும். இதுதான் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய இடம். ஒரே ஒரு நஞ்சுச் செடியை மட்டும் தின்று அதற்கு மட்டும் பழகிப்போன பூச்சிகளை நமக்குத் தெரியும், எருக்கு இலையைத் தின்னும் புழு அப்படித்தான். இந்த நத்தையோ இன்று ஒரு வகை நஞ்சு, நாளை வேறு வகை நஞ்சு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறது. எப்படித் தாங்குகிறது?

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் கிறிஸ்டன் வேலனும் அவரோடு இருந்தவர்களும் இதைத் தேடிப் போனார்கள். 2008-இலும் 2010-இலும் அவர்களின் முடிவுகள் வெளிவந்தன. பதில் நத்தையின் செரிமானச் சுரப்பியில் இருந்தது. நம் கல்லீரல் செய்கிற வேலையில் ஒரு பகுதியை அது செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே குளுட்டாதையோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி மிகுதியாக வேலை செய்துகொண்டிருந்தது. நச்சு மூலக்கூறைப் பிடித்து, அதோடு இன்னொரு மூலக்கூறை ஒட்டி, நீரில் கரைந்து வெளியே போகும்படி மாற்றுவது இந்த நொதியின் வேலை. எந்தக் கார்கோனியனைத் தின்ன வைத்தாலும் இதன் செயல்பாடு உயர்ந்தே இருந்தது. அதாவது நஞ்சு வந்த பிறகு தயாராவதில்லை, எப்போதும் தயாராகவே இருக்கிறது. இது போதாதென்று, பிளெக்சாராவைத் தின்னும்போது சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த சில நொதிகள் கூடுதலாக உருவாகின்றன. ஆக ஒரு பொதுக் காவல், அதற்கு மேல் குறிப்பிட்ட எதிரிக்கு என்று ஒரு தனிக் காவல்.

சாப்பிடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ராடுலா என்ற அரம் போன்ற நாக்கால் பாலிப்புகளையும் தோலையும் சுரண்டிக்கொண்டே நகரும். போன வழியெல்லாம் தண்டு வெளியே தெரியும் ஒரு கறுத்த தடம் இருக்கும். முக்குளிக்கிறவர்கள் நத்தையைத் தேடுவதைவிட இந்தத் தடத்தைத் தேடினால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், தடத்தின் ஒரு முனையில் பெரும்பாலும் ஆள் இருப்பார், சில நேரம் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இருப்பார்கள். ஆனால் ஒரு விசிறியை முழுக்கத் தின்று தீர்ப்பது அபூர்வம். சில நாளில் இறங்கி அடுத்த விசிறிக்குப் போய்விடும். காயம் சின்னதாக இருந்தால் பக்கத்துத் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் அதற்குள் பாசியோ நெருப்புப் பவளமோ வந்து குடியேறிவிடும், பிறகு அந்த இடம் விசிறிக்குத் திரும்பக் கிடைப்பது கடினம்.

இவ்வளவு பளிச்சென்று ஏன்?

ஓவுலிடே குடும்பத்தில் ஒளிந்து வாழ்கிறவை நிறைய. இதே கடற்பகுதியில் கடல் சாட்டை மேல் வாழும் சிம்னியலீனா என்ற நெருங்கிய உறவு ஒன்று உண்டு. சாட்டை ஊதாவாக இருந்தால் அதன் ஓடும் ஊதா, சாட்டை மஞ்சளாக இருந்தால் ஓடும் மஞ்சள். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாலும் கிளையில் ஒரு முடிச்சு என்றுதான் தோன்றும். அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்துவிட்டு, பூநாரை நாக்கு ஊதா விசிறியின் நடுவில் ஆரஞ்சு வளையங்களோடு உட்கார்ந்திருக்கிறது. குஞ்சுகள் கிளையின் அடிப்பக்கத்தில் பதுங்கியே இருக்கும். வளர்ந்தவை மட்டும்தான் வெட்டவெளிக்கு வரும்.

நஞ்சைத் தின்கிற உயிர், தன்னைத் தின்னாதே என்று நிறத்தால் எச்சரிக்கிறது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். இதில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. எச்சரிக்கை நிறத்தை முதலில் பெற்ற உயிர் பளிச்சென்று தெரிவதால் முதலில் மாட்டும், செத்தும் போகும். அப்படியானால் அந்த நிறம் எப்படிப் பரவும்? கூடவே வாழும் அண்ணன் தம்பிகள் பிழைத்துக்கொள்வார்கள், குடும்பத்துக்கு லாபம் என்று பூச்சிகளை வைத்துச் சொன்னார்கள். இந்த நத்தைகளுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. இவற்றின் லார்வாக்கள் நீரோட்டத்தில் மிதந்து போய் எங்கெங்கோ இறங்குகின்றன, ஒரே விசிறியில் உட்கார்ந்திருக்கும் மூன்று நத்தைகள் சொந்தக்காரர்களாக இருக்க வாய்ப்பே குறைவு. கேரி ரோசன்பெர்க் என்ற நத்தை ஆய்வாளர் 1989-இல் இதைத்தான் எடுத்துக்காட்டி, எச்சரிக்கை நிறம் தனி உயிருக்கே நன்மை தருவதால் உருவாக முடியும் என்று வாதிட்டார். அதாவது மீன் ஒரு முறை கவ்விப் பார்த்துத் துப்பினாலும் ஓடு இருப்பதால் நத்தை பிழைத்துக்கொள்கிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஆனாலும் நிறத்தை ஒரு கவசம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஹாக்ஃபிஷ் என்ற நீண்ட மூஞ்சி மீன் ஓட்டோடு நொறுக்கித் தின்னும் வகை, அது இதைத் தின்கிறது. பேத்தை மீன்களும் முள் சிங்கி இறாலும் தின்பதாகப் பதிவுகள் உண்டு. தொட்டவுடன் போர்வை உள்ளே போய்விடுவதால், எச்சரிக்கை எல்லாம் தொடுவதற்கு முன்னால் தூரத்திலிருந்தே வேலை செய்தாக வேண்டும். கிட்டே வந்து கவ்வத் துணிந்த வாயின் முன்னால் நத்தையிடம் மிச்சம் இருப்பது வெறும் ஓடுதான்.

மூன்று பெயர், ஒரு உயிர்

ஓட்டை வைத்து வகைப்படுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கிறது. நீருக்கடியில் படம் எடுக்க முடிந்த பிறகு, நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. வளையங்கள் இருந்தால் கிப்போசம். வளையத்துக்குப் பதிலாக மெல்லிய கோடுகள் விரல் ரேகை போல நெருங்கி ஓடினால் அது சைஃபோமா சிக்னேட்டம், கைரேகை நத்தை என்றே அதற்குச் செல்லப்பெயர். பழுப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தால் மெக்கின்டியை. பார்த்தால் மூன்றும் வேறு வேறு என்று யாரும் அடித்துச் சொல்வார்கள். முக்குளிப்பவர்களின் கையேடுகளிலும் தனித்தனிப் படங்களாகத்தான் இருந்தன.

2017-இல் ரைனென், வான் டெர் மெய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கரீபியனிலிருந்து எடுத்த நத்தைகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். மரபுப் பொருளில் இவற்றைப் பிரிக்கும் கோடு எதுவும் கிடைக்கவில்லை. ஓட்டின் வடிவத்தை அளந்து பார்த்தார்கள், அங்கேயும் ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கலந்தே கிடந்தது. முடிவு: ஒரே இனம், அதற்குள் பல நிறக்கோலங்கள். முதலில் வைத்த பெயர் என்பதால் கிப்போசம் நிற்கும், மற்றவை அதற்குள் அடங்கும்.

முதலில் ஓட்டை மட்டும் பார்த்தார்கள், நிறமே தெரியவில்லை. பிறகு நிறத்தை மட்டும் பார்த்தார்கள், ஒன்று மூன்றாகத் தெரிந்தது. இரண்டாவது தவறு முதலாவதைவிடப் புரிந்துகொள்ளக் கூடியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது உயிருள்ள நத்தையைப் பார்த்துச் செய்த தவறு.

குறைந்த இடமும் கூடிய இடமும்

சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருகிற திட்டுகளில், ஒரு காலத்தில் எங்கும் கண்ணில் பட்ட இந்த நத்தை அரிதாகிவிட்டது. காரணம் முதலில் சொன்னதுதான், பறிப்பு.

சில இடங்களில் நிலைமை நேரெதிர். ஃபுளோரிடா கீஸ் பகுதியில் பர்க்பைல், ஹே இருவரும் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய மீன்கள் உள்ளே வர முடியாதபடி கூண்டு வைத்து அடைத்த இடங்களில் நத்தைகள் பெருகின, கடிபட்ட கார்கோனியன்களும் பெருகின. ஹாக்ஃபிஷ் போன்ற மீன்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் அந்தப் பாதிப்பு கடைசியில் கடல் விசிறியின் தலையில்தான் விடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. சில காயங்கள் என்றால் விசிறி தாங்கும், ஒரே விசிறியில் பல நத்தைகள் ஏறினால் தாங்காது.

இதோடு நோயும் சேர்ந்துகொண்டது. 1990-களின் நடுவில் கரீபியன் முழுக்கக் கடல் விசிறிகளை ஆஸ்பெர்ஜில்லஸ் சிடோவியை என்ற பூஞ்சையோடு தொடர்புள்ள ஒரு நோய் தாக்கியது. நிலத்து மண்ணிலும் காணப்படும் பூஞ்சை அது. விசிறியில் ஓட்டைகள் விழும், ஓரமெல்லாம் அடர் ஊதாவாகக் கன்றிப்போகும். நோயுற்ற விசிறியைத் தின்னும் நத்தை அதை அடுத்த விசிறிக்குக் கொண்டுபோகுமா என்ற சந்தேகம் வருவது இயற்கை. 2009-இல் வந்த ஒரு ஆய்வு, இந்தப் பூஞ்சையின் வித்துகள் நத்தையின் குடல் வழியாக உயிரோடு வெளியே வருவதைக் காட்டியது. இதை வைத்துக்கொண்டு நத்தைதான் நோயைப் பரப்பியது என்று சொல்வது அவசரம். பரப்பக் கூடிய வழிகளில் ஒன்று என்பது வரைக்கும் சொல்லலாம், அதைத் தாண்டிப் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆக, நத்தையைப் பறிக்காதே என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. மீனும் இருக்க வேண்டும், விசிறியும் இருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறை

இந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு. கருவுறுதல் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. பெண் முட்டைகளைச் சிறு உறைகளில் வைத்து, தான் தின்று தோலை நீக்கிய தண்டின் மேலேயே வரிசையாக ஒட்டிவிடும். தோல் இருக்கிற இடத்தில் ஒட்டினால் பாலிப்புகள் விடாது, அதனால் சாப்பிட்டுச் சுத்தம் செய்த இடமே தொட்டில் ஆகிறது. காயத்தடம் என்று நான் மேலே சொன்னதை அடுத்த முறை பார்க்க வாய்த்தால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், கண்ணாடி மணிகள் போல உறைகள் இருக்கலாம். ஏறக்குறைய பத்து நாளில் லார்வாக்கள் வெளியே வந்து நீரோட்டத்தில் கலந்துவிடும். அப்போது அவற்றிடம் இந்த வளையங்கள் எதுவும் கிடையாது. வேறொரு கார்கோனியனில் இறங்கி, அடிப்பக்கத்தில் பதுங்கி வளர்ந்து, போர்வை ஓட்டை மூடும் அளவுக்கு வந்த பிறகுதான் எல்லாம்.

நத்தையைக் கண்டுபிடித்து, தவறுதலாகக் கை பட்டு அது வெளிறிப்போய்விட்டது என்றால் உடனே நீந்திப் போய்விடாதீர்கள். ஒரு கை தூரம் விலகி, அசையாமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள். முதலில் ஓட்டின் இரண்டு ஓரங்களிலும் ஒரு ஆரஞ்சு விளிம்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் மெதுவாக மேலே ஏறும், வளையங்கள் ஒவ்வொன்றாக விரியும், நடுவில் அந்தக் கூன் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருக்கும். பிறகு அதுவும் மூடிக்கொள்ளும்.